எங்க மூச்சு எந்தத் துறையில் வருது?

இலக்கிய விமர்சனம் எழுதுகிறவனுக்குக் காற்று அளக்கிற கருவியோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நானும் போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். ஒரு கல்லூரியில் கருத்தரங்கு. தலைப்பு, காற்றுத் தரத் தகவல்களை அரசுத் துறைகள் ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்வது பற்றி. என்னை அழைத்தது அதற்கல்ல. மாலையில் நடந்த இன்னொரு அமர்வில் தலித் தன்வரலாறுகள் பற்றிப் பேச. சீக்கிரமே போய்விட்டதால் காலை அமர்வில் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

திரையில் இந்திய வரைபடம். ஊருக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் பச்சையாகவும் மஞ்சளாகவும் சிவப்பாகவும் மின்னுகின்றன. பேசியவர் நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். மத்திய வாரியம், மாநில வாரியம், வானிலைத் துறை, மாநகராட்சி எல்லாரும் தனித்தனியா வச்சிருந்த கணக்கு இப்ப ஒரே இடத்துக்கு வருது, இது பெரிய ஜனநாயகம் என்றார். கேள்வி நேரத்தில் எழுந்து, இதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு எங்கே இருக்கு என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அது இந்தக் குறியீட்டுல வராது சார், அது வேற துறை" என்றார். எந்தத் துறை என்று கேட்டேன். சிரித்தார். கேலியாக இல்லை. அவருக்கும் தெரியவில்லை.

அன்று முதல் அந்த வரைபடத்தை ஒரு பிரதியாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். கதையையும் கவிதையையும் மட்டும்தான் பிரதி என்று வாசிக்க வேண்டும் என்றில்லை. அரசு எழுதுகிற அட்டவணையும் பிரதிதான். யார் எழுதியது, யாருக்கு எழுதியது, எதைச் சொல்லாமல் விட்டது என்று அதையும் கேட்கலாம். பட்டியலைப் போல மௌனம் காக்கத் தெரிந்த இலக்கிய வடிவம் வேறொன்று இல்லை.

முதலில் பிரதி எப்படி எழுதப்படுகிறது என்று பார்ப்போம். 1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1984 முதல் நாடு தழுவிய அளவீட்டுத் திட்டம் ஒன்று நடக்கிறது. கையால் இயக்கும் நிலையங்களில் வாரத்துக்கு 2 நாள், வருஷத்துக்கு 104 நாள் காற்றைப் பிடித்து வடிதாளில் நிறுத்துப் பார்ப்பார்கள். மாநில வாரியங்கள் அனுப்ப, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொகுக்கும். புத்தகமாக வருவதற்குள் அந்தக் காற்றை மூச்சு வாங்கினவன் வேற ஊருக்கே போயிருப்பான். அதற்குப் பிறகு தானியங்கி நிலையங்கள் வந்தன. 2014இல் காற்றுத் தரக் குறியீட்டை அறிவித்தபோது அரசு சொன்ன முழக்கம்: ஒரு எண், ஒரு நிறம், ஒரு விவரிப்பு. 2015 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது.

எண் எப்படி வருகிறது என்பது முக்கியம். 8 பொருள்களை எடுத்துக்கொள்கிறார்கள். 10 மைக்ரான் வரையுள்ள தூசு, 2.5 மைக்ரான் வரையுள்ள நுண்தூசு, நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். ஒவ்வொன்றுக்கும் தனி எண் போட்டு, அதில் எது மோசமோ அதையே மொத்தத்துக்கும் எண்ணாகச் சொல்வார்கள். குறைந்தது 3 பொருளுக்காவது அளவு இருக்க வேண்டும், அதில் ஒன்று தூசாக இருக்க வேண்டும். பெரும்பாலான பொருள்களுக்கு 24 மணி நேரச் சராசரி. கார்பன் மோனாக்சைடுக்கும் ஓசோனுக்கும் 8 மணி நேரம். 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், அப்புறம் மோசம், மிக மோசம், கடுமை.

இதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே ஒருவர் 'அறிவியல் விரோதி' என்று எழுதுவார். மணலியில் ஒரு மாணவி கைபேசியில் அந்த எண்ணைப் பார்த்து ஒரு மனு எழுத முடிகிறது என்றால் அது லேசான விஷயமல்ல. ஒரு காலத்தில் அந்தக் காகிதத்தை வாங்க நாலு நாள் படியேற வேண்டும். சென்னைக்குள்ளேயே மணலி, வேளச்சேரி, ஆலந்தூர் நிலையங்கள் மத்திய வாரியத்துடையவை. கொடுங்கையூர், ராயபுரம், பெருங்குடி, அரும்பாக்கம், மணலி கிராமம் ஆகியவை மாநில வாரியத்துடையவை. ரெண்டு எஜமானர்களின் கருவிகள் ஒரே பலகையில் எழுதுகின்றன. கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் ஒரு கருவி வந்ததே எங்களுக்குப் பெரிய சேதிதான்.

ஆனால் தகவல் பகிரப்பட்டால் நீதி வந்துவிடும் என்கிற நம்பிக்கையை மணலியே உடைக்கிறது. தொழில் வட்டாரங்களுக்கு மத்திய வாரியம் போட்ட மாசுக் குறியீட்டில் 70ஐத் தாண்டினால் அபாய நிலை. 2009இல் மணலிக்கு 76.32. 2018இல் அதே மணலிக்கு 84.15. நடுவில் 9 வருஷம். எல்லாத் துறையும் பார்த்தது, எல்லா மேசையிலும் இருந்தது, பத்திரிகையிலும் வந்தது. எண் ஏறியது.

பெயர்களைக் கவனியுங்கள். விமர்சகனுக்குப் பெயர் முக்கியம். மத்திய வாரியத்தின் கைபேசிச் செயலிக்குப் பெயர் சமீர். சமஸ்கிருதத்தில் காற்று. காற்று மோசமான நகரங்களின் திட்டங்களை மாநகராட்சியும் மாநில வாரியமும் மத்திய வாரியமும் ஒன்றாக ஏற்றிப் பார்க்க 2021 செப்டம்பரில் ஒரு தகவல் தளம் தொடங்கினார்கள். அதன் பெயர் பிராணா. ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்து, முதலெழுத்துகளைப் பொறுக்கி, கடைசியில் பிராணன் வருகிற மாதிரி செய்திருக்கிறார்கள். சாக்கடையில் இறங்குகிறவர்களுக்கான திட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? நமஸ்தே. அதுவும் அப்படிப் பொறுக்கிய எழுத்துகள்தான். மேலே இருக்கிறவன் மூச்சுக்குப் பிராணன், கீழே இறங்குகிறவனுக்கு ஒரு கும்பிடு. யாரோ உட்கார்ந்து சதி செய்து வைத்த பெயர்கள் என்று நான் சொல்லவில்லை. சதி தேவையே இல்லை. மொழி தானாகவே சாதியாக வேலை செய்யும்.

ஆங்கிலத்தில் பொல்யூஷன் என்கிற ஒரே சொல் மாசுக்கும் ஓடும், தீட்டுக்கும் ஓடும். தமிழில் நமக்கு ரெண்டு சொல். அதனால் ரெண்டும் வேறுவேறு விஷயம் என்று நினைத்துக்கொண்டோம். எங்க ஆயா சொல்லும்: "சேரிய ஏன் அந்தப் பக்கம் வச்சான்னா, நம்ம மேல பட்ட காத்து ஊருக்குள்ள போவக் கூடாது." சேரி ஊருக்குத் தெற்கே இருக்க வேண்டும் என்பது தீண்டாதார் மேல் கிராமம் சுமத்திய விதிகளில் ஒன்று என்று அம்பேத்கரும் பதிவு செய்திருக்கிறார். ஆக, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, யார் மூச்சு யார் மேல் படலாம் என்கிற கணக்கு இந்த நாட்டுக்குப் புதுசு கிடையாது. வாரியம் வருவதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே அந்த அளவீடு நடந்துகொண்டிருந்தது. கருவி மட்டும்தான் புதுசு.

இனி அந்தக் கருவி நிற்கிற உயரம். மத்திய வாரியத்தின் 2003 வழிகாட்டுதல்படி, காற்றை இழுக்கிற வாய் தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேல், 10 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மரத்தடியில் கூடாது, புகைபோக்கிக்குப் பக்கத்தில் கூடாது, நாலா பக்கமும் காற்றோட்டம் வேண்டும், மின்சாரம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும். அறிவியல்படி இதெல்லாம் சரி. ஊருக்குப் பொதுவான காற்றை அளக்க அப்படித்தான் நிற்க வேண்டும். ஆனால் என் தம்பி செத்தது தரைக்குக் கீழே.

2016, ஆடி மாசம். சின்னம்மா மகன். 24 வயசு. சென்னைக்குத் தெற்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கழிவுநீர்த் தொட்டி. லாரி வைத்திருந்த ஒருவர் கூப்பிட்டார் என்று போனான். அவன் அந்த வேலைக்காரனே இல்லை. பெயின்ட் அடிக்கிறவன். மழையில் வேலை இல்லாத வாரம். குழாய் அடைத்துக்கொண்டது, கொஞ்சம் இறங்கித் தள்ளிவிடு என்று சொல்லியிருக்கிறார்கள். இறங்கினவன் சத்தம் போடவில்லை. மேலே நின்றவன் எட்டிப் பார்த்து, ஏணியில் பாதி இறங்கி, அவனும் மயங்கி விழுந்தான். ரெண்டாவது ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். தம்பியைத் தீயணைப்புக்காரர்கள் வந்துதான் எடுத்தார்கள்.

அந்த வாயுவைப் பற்றி நான் அப்புறம்தான் படித்தேன். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். ரொம்பக் கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கின் உணர்வே செத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று நினைப்பான். 500, 700 என்று போனால் கொஞ்ச நேரத்தில் மயக்கம். 1000க்குப் பக்கத்தில் ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு, அவ்வளவுதான். காப்பாற்றப் போகிறவன் சாவது அதனால்தான். மூணு பேர், நாலு பேர் என்று சேர்ந்து சாகிற செய்தி வருவதும் அதனால்தான். மூக்குதான் எங்கள் ஆட்களிடம் இருக்கிற ஒரே கருவி. முக்கியமான நேரத்தில் அதுவும் நின்றுவிடும்.

மறுநாள் பத்திரிகையில் நாலு வரி. 'விஷவாயு தாக்கி வாலிபர் பலி.' இந்த வாக்கியத்தை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்? தமிழ்ப் பத்திரிகை மொழியில் இது ஒரு தனி வகைமையே ஆகிவிட்டது. இலக்கணத்தைப் பாருங்கள். தாக்கியது யார்? விஷவாயு. கூப்பிட்டவன் இல்லை, இறக்கியவன் இல்லை, கட்டடச் சங்கம் இல்லை, நகராட்சி இல்லை. வாயு தானாக வந்து, ஒரு வாலிபரைத் தாக்கிவிட்டுப் போய்விட்டது. குற்றவாளியைக் காற்றாக்கிவிட்டால் யாரைப் பிடிப்பது? 'விஷவாயுவை மூச்சு வாங்க வைத்துக் கொன்றார்கள்' என்று எழுதினால் அது அவதூறு வழக்காகும். முதல் வாக்கியம் மட்டும் நடுநிலைச் செய்தி.

அதற்குப் பிறகு சின்னம்மா ஏறி இறங்கின ஆபீஸ்கள். உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லியிருந்தது: 1993 முதல் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் செத்தவர்கள் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க வேண்டும். (2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது.) தீர்ப்பு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. 2013இல் வந்த சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதையே குற்றம் என்கிறது. காகிதம் மட்டும் இல்லை.

காவல் நிலையத்தில் தம்பி 'கவனக் குறைவால் ஏற்பட்ட மரணம்'. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் 'மூச்சுத் திணறல்'. எந்த வாயு என்று அதில் இல்லை. உள்ளாட்சி அலுவலகத்தில், "அது பிரைவேட் அபார்ட்மென்ட்மா, எங்க லிஸ்ட்ல வராது" என்றார்கள். தொழிலாளர் பக்கம் போனால், அது தொழிற்சாலை இல்லை. அப்போது நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு எல்லை எழுதியிருந்தது. 8 மணி நேர வேலைக்குப் பத்து லட்சத்தில் 10 பங்கு. அது தொழிற்சாலைச் சுவருக்குள் மட்டும். ஒரு வீட்டுக் கழிவுத் தொட்டி தொழிற்சாலை ஆகாது. நானே ஒரு நாள், மாசு சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்கும் போய்க் கேட்டேன். ஒருத்தர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, நாங்க பாக்குறது சுற்றுப்புறக் காத்து. தொட்டிக்குள்ள இருக்கறது சுற்றுப்புறம் இல்ல." அப்ப தொட்டிக்குள்ள இருக்கிறது எந்தப் புறம் சார்? கேட்கத் தோன்றவில்லை அப்போது. பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது.

ஆக ஒரு சாவு, நாலு அலுவலகம், நாலு விதமான வாக்கியம். ஒரு வாக்கியம் இன்னொரு வாக்கியத்தைப் பார்த்ததே இல்லை. மேலே நகரத்தின் காற்றை ஒரே திரையில் கொண்டுவர மத்திய வாரியமும் மாநில வாரியமும் கம்பி இழுத்துக் கணினி இணைத்திருக்கின்றன. கீழே, காவல் நிலையத்திலிருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடமிருந்து ஆஸ்பத்திரிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து நகராட்சிக்குத் தகவலைச் சுமந்துகொண்டு போன ஒருங்கிணைந்த தகவல் அமைப்பு எங்க சின்னம்மாதான். மஞ்சள் பையில். படிக்கத் தெரியாது. எந்தக் காகிதம் எந்த ஆபீஸ் என்பதை மடிப்பின் அடையாளத்தை வைத்து ஞாபகம் வைத்திருந்தது. பணம் வர மூணு வருஷத்துக்கு மேல் ஆனது. அன்றைய காற்றுத் தர எண் என்ன என்று நான் இன்றுவரை தேடிப் பார்க்கவில்லை. பச்சையாக இருந்தால் என்ன, மஞ்சளாக இருந்தால் என்ன.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். 2013 சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், இறங்குகிறவனுக்கு என்னென்ன கருவி கொடுக்க வேண்டும் என்று நீளமாக ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒன்று, 4 வாயுக்களை அளக்கிற கருவி. வழக்கமாக ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு, தீப்பிடிக்கும் வாயு என்று நாலு. கைக்கு அடக்கமான பெட்டி, அளவு தாண்டினால் அலறும். அதாவது சட்டப்படி, இந்த நாட்டில் ஒவ்வொரு சாக்கடை வாயிலும் ஒரு காற்றுத் தர நிலையம் இருந்தாக வேண்டும்! மூடி திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் அளவு வந்தாக வேண்டும். அந்த அளவெல்லாம் எங்கே? எந்தத் தளத்தில்? சமீரில் இல்லை. பிராணாவில் இல்லை. நமஸ்தேயில் ஆளை எண்ணுகிறார்கள், காற்றை எண்ணவில்லை.

ஆளை எண்ணினதிலும் ஒரு விஷயம் வெளியே வந்தது. 2024 டிசம்பரில் அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு. சரிபார்க்கப்பட்ட 54,574 சாக்கடை, கழிவுத் தொட்டித் தொழிலாளர்களில் 37,060 பேர் பட்டியல் சாதியினர். நூற்றுக்கு 67.91. பழங்குடியினர் 4,536, பிற்பட்டோர் 8,587. இந்த ஒரு கணக்கு போதும், அந்த வாயுவுக்குச் சாதி இருக்கிறது என்பதற்கு. காற்றுத் தரத் தளத்தையும் இந்தத் தளத்தையும் யாராவது ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால்தானே அது தெரியும்? ஒன்று சுற்றுச்சூழல் அமைச்சகம். இன்னொன்று சமூக நீதி அமைச்சகமும் நகர்ப்புற அமைச்சகமும்.

ஒரே துறைக்குள்ளேயேகூட வார்த்தையை வைத்துச் சாவை மறைக்கலாம். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் சமூக நீதி அமைச்சகம், மனிதக் கழிவை மனிதன் அள்ளியதால் செத்தவர்கள் யாரும் இல்லை என்று பதில் சொன்னது. சாக்கடையிலும் தொட்டியிலும் செத்தவர்கள் வேறு தலைப்பில் வருவார்கள், 'ஆபத்தான முறையில் சுத்தம் செய்தல்' என்று. அதே அமைச்சகம் அந்தத் தலைப்பில் சாவுக் கணக்கும் கொடுக்கும். 2019 முதல் 2023 வரை 377 பேர். முதல் பெட்டியில் பூஜ்யம், ரெண்டாவது பெட்டியில் 377. ரெண்டு பதிலும் உண்மை, ரெண்டும் சேர்ந்து பொய். 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வெளிவந்த சமூகத் தணிக்கையில் 54 சாவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் 49 பேருக்கு எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. அந்த நாலு வாயுப் பெட்டியும் இல்லை என்றுதான் அர்த்தம்.

எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பர் 26, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால், ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அம்மோனியா அந்த 8 பொருளில் ஒன்றுதானே, இது கணக்கில் வருமே என்று நினைப்பீர்கள். வரும், 24 மணி நேரச் சராசரியாக. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அன்றிரவு தொழிற்சாலை வாசலில் அளந்ததாகச் சொன்னது, ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். ஒரு நாள் சராசரிக்கு எல்லை 400. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்கள். நாலு மணி நேரம் அந்த 2,090 இருந்து, மீதி 20 மணி நேரம் கடல்காற்று வந்து ஒன்றுமே இல்லை என்றால், நாள் முழுக்கப் பகிர்ந்து வரும் எண் 350க்குக் கீழே. எல்லைக்குள்! நாலு மணி நேரம் கண்ணெரிந்து வாந்தி எடுத்த குழந்தைக்கு 24 மணி நேரம் கழித்து, நீ எல்லைக்குள்தான் வாந்தி எடுத்தாய் என்று சொல்லலாம். இந்தச் சராசரி கணித விஷயம் மட்டும் கிடையாது. யாருடைய நேரம் யாருடைய நேரத்தோடு கரைக்கப்படுகிறது என்கிற அரசியல் அதில் இருக்கிறது. அன்றிரவு முதலில் அளந்தது குப்பத்து ஜனங்களின் மூக்கு. முதலில் தகவல் பகிர்ந்தது அவர்கள் தட்டின பக்கத்து வீட்டுக் கதவு.

தூசைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. 2019இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தின் பணத்தில் பெரும்பகுதி சாலைத் தூசைக் கட்டுப்படுத்தத்தான் செலவானது. நகரங்கள் பிராணாவில் ஏற்றுகிற முன்னேற்றத்தில், சாலை எவ்வளவு கூட்டப்பட்டது என்பதும் ஒரு கணக்கு. இயந்திரம் கூட்டாத தெருவில் யார் கூட்டுகிறார்கள்? நகரத்தின் தூசு எண்ணைக் குறைக்கிற பெண், அந்தத் தூசை முதலில் தன் நெஞ்சில் வாங்கிக்கொள்கிறார். எண் குறைந்தால் நகரத்துக்குப் பாராட்டு. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. ராயபுரத்தில் ஒரு காற்று நிலையம் இருக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அது அன்றும் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

நம்ம பக்கத்திலிருந்தும் ஓர் ஆட்சேபம் வரும், எனக்குத் தெரியும். ஒரு தோழர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "சாக்கடையில இறங்கறதையே ஒழிக்கணும்னு நாம போராடுறோம். நீ இறங்கறவனுக்கு மீட்டர் வைன்னு கேக்கற. இது சீர்திருத்தவாதம் இல்லியா?" இந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்தது. இப்போதும் செய்கிறது. ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு இஞ்ச் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒழிந்துவிட்டது என்று அவர்கள் சொல்வதே இந்தக் கணக்கில்லாத தன்மையை வைத்துத்தான். மூடி திறந்த ஒவ்வொரு தடவையும் ஓர் எண் பதிவாகியிருந்தால், 2021இல் அந்தப் பூஜ்யத்தைச் சொல்லியிருக்க முடியாது. தம்பி இறங்கிய தொட்டியில் ஓர் அளவு பதிவாகியிருந்தால், ஆஸ்பத்திரிக் காகிதத்தில் 'மூச்சுத் திணறல்' என்பதோடு நின்றிருக்காது. அளவை நாம் கேட்பது இறங்குவதற்காக அல்ல, இறக்கியவனைப் பிடிப்பதற்காக.

இன்னொன்று, அந்த அமைப்புக்குள் யார் எழுதலாம் என்பது. அமெரிக்காவில் ஏர்நவ் என்று ஒரு தகவல் அமைப்பு இருக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் முகமையோடு மாநில, உள்ளூர் நிர்வாகங்கள் காற்று அளவைப் பகிர்கின்றன. அதில் பூர்வகுடி நிர்வாகங்களும் பங்காளிகள். 1990இல் அந்த நாட்டுக் காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது பூர்வகுடி அரசுகளை மாநிலங்களைப் போல நடத்த வழி செய்தார்கள், 1998இல் அதற்கு விதியும் வந்தது. பிடுங்கின நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. அமெரிக்காவைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆனால் தன் குடியிருப்பில் தானே கருவி வைத்து, தன் பெயரில் அந்தப் பலகையில் எழுதுகிற உரிமை என்று ஒன்று அங்கே இருக்கிறது. நம்ம தளத்தில் நிலையத்தின் பெயருக்குப் பக்கத்தில் எந்த வாரியத்துடையது என்று போட்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு சேரியின் பெயரையோ, ஒரு தூய்மைப் பணியாளர் சங்கத்தின் பெயரையோ நினைத்துப் பாருங்கள். சிரிப்பு வருகிறதா? ஏன் வருகிறது?

இந்தக் கட்டுரை எழுதுவதற்காகப் போன மாசம் ஒரு சின்ன ஊரின் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கே வேலை பார்க்கிற ஒருவர், தூரத்துச் சொந்தம், எனக்கு மாமா முறை. அவர்தான் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாலு வாயு மீட்டர் இருக்கா மாமா என்று கேட்டேன். "இருக்கே" என்று பீரோவைத் திறந்தார். அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. பொத்தானை அழுத்தினேன், எரியவில்லை. "சார்ஜ் போடணும்பா" என்றார். அளவு எழுதுகிற பதிவேடு இருக்கா என்று கேட்டதற்கு அதையும் எடுத்துக் கொடுத்தார். நீல அட்டை போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் அழகான கையெழுத்தில் கட்டம் கட்டித் தேதி, இடம், வாயு, அளவு, கையொப்பம் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். "போன வாரம் யாராவது இறங்கினாங்களா மாமா?" என்றேன். அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, நோட்டை என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தார்.